ஏரிக்காகப் பாடப் புதுச்சேரி போனோம்

புதுச்சேரிக்கு நான் பலமுறை போயிருக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் போனதெல்லாம் கோரிமேடு வரைக்கும்தான். அங்கே பெரிய ஆஸ்பத்திரி. மாமியாருக்கு வயிறு, வீட்டுக்காரருக்கு நெஞ்சு, எனக்குக் கண். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு, எதிர்ப்பக்கம் வந்து பஸ் ஏறிவிடுவோம். அதற்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது, கடல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. போன புரட்டாசியில்தான் முதல்முறையாக நோயில்லாமல் போனேன். பாடப் போனேன்.

காரணம் எங்கள் ஏரி. இரண்டு வருடமாக அதற்கு வரும் வாய்க்காலில் ஒரு கம்பெனியின் கழிவுத் தண்ணீர் கலக்கிறது. மதகைத் திறந்தால் மஞ்சளாக வரும். நடவு நட்டுக் கரையேறினால் முழங்கால்வரை அரிப்பு, புண். ஊரார் சேர்ந்து கேஸ் போட்டிருக்கிறோம். தண்ணீர் விஷயம் தெரிந்த ஒருவர் நேரில் வந்து, தன் கையால் தண்ணீரை எடுத்துச் சோதித்து எழுதிக்கொடுத்தால்தான் கேஸ் நிற்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

புதுச்சேரியில் கவிதா என்று ஒரு பெண். இப்படி அல்லாடுகிற ஊர்களுக்காக அவளும் அவள் சிநேகிதர்களும் நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி வைத்து உதவி திரட்டுகிறார்கள். எங்கள் வயலுக்கே வந்து நடவுப் பாட்டைக் கேட்டாள். "நீங்களே வந்து பாடணும் பெரிம்மா" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். தண்ணீர் சோதிப்பதில் பேர் பெற்ற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கச்சேரிக்கு விருந்தாளியாக வருகிறாராம்.

"உங்க ஏரிக்கு வரச்சொல்லி நான் மூணு தடவ கேட்டுட்டேன். மூணு தடவயும் 'பார்க்கலாம்'னுட்டாரு. நீங்க பாடி முடிச்சிட்டு நேரா அவருகிட்ட கேளுங்க."

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 'பார்க்கலாம்' என்றால் வேறு இடம் தேடவேண்டும் என்று அர்த்தம். அதனால் அவரைப் பிடிக்கும் வேலையை அஞ்சலையிடம் கொடுத்தோம். அஞ்சலை என் நாத்தனார். நடவில் முதலடி எடுத்துப் பாடுகிறவள் அவள்தான். அவள் குரலுக்கு அடுத்த ஊர் நாய் குரைக்கும். நான் பின்பாட்டு. அதுவும் வரிசையின் கடைசியில், வரப்போரம். ஆளைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தில் பூசாரி என் பெயரைக் கேட்டதற்கு என் அம்மாதான் பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். மேடையில் வைக்க நாலு கட்டு நாற்றை, எங்கள் பேச்சில் நாலு முடி, ஈரக் கோணியில் சுற்றி பஸ்ஸில் தலைக்கு மேலே வைத்தோம். கோணி சொட்டியது. கீழே ஒருவர் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து சட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பஸ்சுக்குள்ள மழ பெய்யுது?"

"நாத்துத் தண்ணிண்ணா. தலையில பட்டா நோவு போயிடும்" என்றாள் அஞ்சலை.

"அப்ப டாக்டரு எதுக்கு, உங்க ஊட்டுக்கே வந்துடறேன்" என்று அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கோரிமேட்டில் பஸ் நின்றது. ஆஸ்பத்திரிச் சனம் முழுக்க இறங்கியது. நாங்களும் இறங்கினோம். கேட்டைத் தாண்டி, சீட்டு கொடுக்கும் வரிசையின் வால்வரைக்கும் போய்விட்டோம். அங்கே காவல்காரர், "பழைய சீட்டா புது சீட்டா?" என்று கேட்டபோதுதான் அஞ்சலை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"அண்ணி, நமக்கு இன்னா நோவு?"

"ஒண்ணுமில்லடி."

"அப்ப எதுக்கு எறங்குன?"

"நீ எறங்குன, நானும் எறங்குனேன்."

முப்பது வருடமாக இறங்கிப் பழகிய கால். புத்தியைக் கேட்காமல் இறங்கிவிட்டது. வெளியே ஓடி வந்தால் பஸ் இல்லை. நாற்றும் இல்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அஞ்சலை வழியெல்லாம் டிரைவரை விரட்டினாள். பஸ் ஸ்டாண்டில் எங்கள் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்றுக் கோணியைத் தூணோரம் பத்திரமாக இறக்கி வைத்திருந்தார். அதை ஒரு மாடும் பத்திரமாகக் கண்டுபிடித்திருந்தது. இரண்டு முடியைத் தின்றுவிட்டு மூன்றாவதை முகர்ந்துகொண்டிருந்தது. கத்திக்கொண்டே ஓடி மீட்டது அஞ்சலைதான். மிஞ்சியது இரண்டு.

"டவுனு மாட்டுக்குப் பிளாஸ்டிக் தின்னு தின்னு நாக்கு செத்துப் போயிருக்கும். திங்கட்டும், உடு" என்றேன். அவளோ மாட்டோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கவிதா ஏற்பாட்டில் தங்கியது முத்தியால்பேட்டையில். சந்துக்குள் சந்து, ஆளுக்கு ஒரு வண்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஹாரன். வீட்டுக்காரி லூர்து அம்மாள். எங்கள் வயதுதான். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். அப்படிப்பட்டவர்களை அங்கே சொல்தா என்கிறார்கள். அவர் செத்துப் பல வருடமாகியும் தெருவில் அவள் இன்னும் சொல்தா வீட்டு மாதாம்தான். கவுன் போட்டிருந்தாள். எங்களோடு தமிழில் பேசினாள், கன்னுக்குட்டி உயரத்துக்கு இருந்த நாயோடு பிரெஞ்சில் பேசினாள். நாய் உடனே உட்கார்ந்தது.

"நாயிகூட ரெண்டு பாஷ படிச்சிருக்குது அண்ணி. நீ அஞ்சாவதோட நின்னுட்ட" என்றாள் அஞ்சலை.

"நீ அதுவும் போகலியே" என்றேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

மதியம் மாதாம் போட்ட சாப்பாட்டில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி இருந்தது. மேலே ஓடு மாதிரி முறுகல், உள்ளே பஞ்சு. ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். அஞ்சலை அதைக் கையில் பிடித்து, "இத வச்சி மாடு ஓட்டலாம்" என்றாள். ஆனால் தின்றது பாதிக்கு மேல் அவள்தான். சோறு இல்லாமல் வயிறு நிறையுமா என்று எனக்குச் சந்தேகம். நிறைந்தது. ராத்திரிக்குக்கூடப் பசிக்கவில்லை.

சாயங்காலம் மாதாம் எங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கறுப்புக் கல்லில் அலை வந்து மோதியது. எங்கள் ஏரி பெரிய ஏரி. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் குளிக்கிறவர்கள் யார் என்று தெரியாது. ஆனால் யாரோ குளிக்கிறார்கள் என்று தெரியும். இதற்கு எதிர்க்கரையே இல்லை. எனக்குக் கொஞ்சம் கிறுகிறுத்தது. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்து நின்று, "இன்னா சத்தம் போடற நீ, நான் போடறேன் பாரு" என்று கடலுக்கு எதிராகப் பாட ஆரம்பித்தாள். அலை வந்தால் இவள் குரலை ஏற்றினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மூன்று குச்சி ஐஸ் தின்றாள். நான் ஒன்று தின்றேன். பல் கூசியது.

சனிக்கிழமை விடிந்ததும் அஞ்சலை என்னை எழுப்பினாள். உலுக்கித்தான் எழுப்பினாள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் நிறுத்தினேன். மிளகுப் பால், சித்தரத்தை, உப்புத் தண்ணீர், எதற்கும் குரல் மசியவில்லை. மாதாம் அலமாரியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள்.

"கொன்யாக். பிரெஞ்சு பிராந்தி. எங்க மிசே, அதான் எங்க வீட்டுக்காரரு, இருந்தப்ப காய்ச்சலுன்னா இதான், கல்யாணமுன்னா இதான். ஒரே ஸ்பூன்."

அஞ்சலை ஒரு ஸ்பூன் குடித்தாள். முகம் சிவந்தது. இன்னொரு ஸ்பூனுக்குக் கையை நீட்டினாள். குரல் வரவில்லை.

பத்து மணிக்குக் கவிதா வந்தாள். செய்தியைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அஞ்சலையும் என்னைப் பார்த்தாள். நாய்கூடப் பார்த்தது.

"எனக்கு முதலடி வராதும்மா" என்றேன்.

"நாப்பது வருசமா கூடவே பாடியிருக்கீங்க. பாட்டு தெரியாதா?"

"பாட்டு தெரியும். ஆளுங்க இருப்பாங்களே."

"பெரிம்மா, மீனவருங்க ஊரப் பத்திப் பேச அவங்க ஊரு ஆளுங்க வராங்க. உங்க ஏரியப் பத்தி நான் பேசலாம். நான் பேசுனா அவரு இன்னா சொல்லுவாரு?"

"பார்க்கலாம்" என்றாள் மாதாம், உள்ளேயிருந்து.

ஒத்திகை பார்க்கலாம் என்று என்னை ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். முன்னால் ஒரு மைக். அதற்குப் பின்னால் நாலே நாலு பேர். நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்து, மறுபடி சுற்றினேன். கவிதா என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வரும்போது அந்தப் பேராசிரியர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று கேட்டேன். வேறு ஓர் ஊரில் இப்படித் தண்ணீர் எடுக்கப் போனபோது அவருடைய கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் மனைவி, இனிமேல் காரை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவருக்கும் பயம், எனக்கும் பயம்.

கச்சேரி சாயங்காலம் நாலரைக்கு, ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமர மைதானத்தில். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஒரு முந்நூறு பேர் இருக்கலாம். நெல்லித்தோப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில் ஒருவர். அவர்தான் என்று கவிதா காட்டினாள்.

முதலில் பறை. அடித்த அடியில் மண்ணின் அதிர்வு என் உள்ளங்கால் வழியாக ஏறியது. எனக்கு மேடைப் பயம் இருந்தது நிஜம், ஆனால் அந்த நேரம் கால் தானாகத் தாளம் போட்டதும் நிஜம். பிறகு மீனவப் பெண்கள் ஆறு பேர் வலை இழுக்கும் பாட்டுப் பாடினார்கள். கடல் அவர்கள் தெருவில் பாதியைத் தின்றுவிட்டதாம். அழுகிற பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். கடலைத் திட்டித் தீர்த்தார்கள், நாங்கள் பண்ணையாரைத் திட்டுவதுபோல. மைதானமே சிரித்தது. அடுத்து ஒரு வெள்ளைக்காரப் பெண், மார்பில் மாட்டிய துருத்திப் பெட்டியை இழுத்து இழுத்துப் பாடினாள். மாதாம் என் காதில் அர்த்தம் சொன்னாள்.

"அவ அப்பன் ஆத்துல மீன் புடிச்சிக்கினு இருந்தானாம். ஆறு கெட்டுப் போச்சாம். இப்ப அதே மீன டின்னுல வாங்கித் தின்றானாம்."

"அவங்க ஊருலயுமா?" என்றேன்.

"எல்லா ஊருலயுந்தான். பேசாத கேளு."

அப்புறம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். என் கழுத்தோரம் துணியில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார்கள். அஞ்சலை என் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள். இரண்டு நாற்று முடிகளோடு போய் நடுவில் நின்றேன். முந்நூறு முகம். வாய் திறக்கவில்லை. யாரோ இருமினார்கள். மீனவப் பெண்களில் மூத்தவள் மேடையோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"யக்கா, நீ எடு. நாங்க புடிச்சிக்கிறோம்."

நான் வாழ்நாளில் நிமிர்ந்து நின்று பாடியதேயில்லை. வயலில் குனிந்துதான் பாடுவோம். கண்ணுக்கு முன்னால் சேறும் நாற்றும்தான், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புடவையைத் தூக்கிச் செருகினேன். இடது கையில் முடியைப் பிடித்துக் குனிந்தேன். மேடைப் பலகைதான் தெரிந்தது. பலகை எனக்கு ஒன்றும் செய்யாது.

"கெண்ட துள்ளுன ஏரியடி, கெட்ட வாட வீசுதடி
மதகத் தொறந்துவுட்டா, மஞ்சத் தண்ணி பேசுதடி"

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மைதானத்தின் நாலு மூலையிலிருந்தும் அது திரும்பி வந்தது. மீனவப் பெண்கள் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். வயலில் கால் வைத்திருக்கமாட்டார்கள், ஆனால் சரியான இடத்தில் பிடித்தார்கள். நடுகிறவர்கள் பின்னால்தான் நகரவேண்டும். நானும் பலகையில் ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டே பின்னால் போனேன். போய், பின்னால் சாய்த்து வைத்திருந்த பறையில் இடித்தேன். அது விழுந்து ஒரு சத்தம் போட்டது. சனம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பயம் எங்கே போனதென்று தெரியாது. சாதாரணமாக மூன்று அடி பாடி முடிப்போம். அன்றைக்குப் பத்து அடி பாடியிருப்பேன், பாதி அப்போதே கட்டியது.

ஒரு முடி மீதியிருந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வரப்பில் யாராவது பெரிய மனிதர் வந்தால், அவர் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்துப் பாடுவோம். அவர் ஏதாவது கொடுக்காமல் அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வயல் விளையாது என்பார்கள். இதுவரை யாரும் தாண்டியதில்லை. வைப்பதும் எப்போதும் அஞ்சலைதான். அன்றைக்கு நான் படியிறங்கி, வெள்ளைச் சட்டைக்காரருக்கு முன்னால் போய்க் குனிந்தபடியே முடியை வைத்தேன்.

"முட்டித் தண்ணியில மொளச்ச முடி மகராசா
முடியத் தாண்டாம முன்ன ஒரு சொல்லு சொல்லு"

அவருக்கு வழக்கம் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கை விட்டார்.

"காசு வேணாம் ஐயா" என்றேன். "ஒரு நாளு வேணும். வந்து எங்க தண்ணிய எடுத்துப் பாருங்க."

மைக் கழுத்தில் இருப்பதை மறந்துவிட்டேன். அத்தனை பேரும் கேட்டார்கள். 

"எனக்கு முட்டி வலிம்மா" என்றார் அவர். "முன்ன மாதிரி..."

"எனக்கும் முட்டிக்குக் கீழதான்." செருகியிருந்த புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். என் காலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த வெளி ஆண் டாக்டர் ஒருவர் மட்டும்தான். பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மாட்டுத் தரகர் பல்லைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"ஏரித் தண்ணியிலயா, கெணத்துத் தண்ணியிலயா?"

"ஏரித் தண்ணியிலதான். கெணத்துத் தண்ணி பாய்ச்சி நட்டா வர்றதில்ல."

அவர் நாற்று முடியைத் தாண்டவில்லை. குனிந்து கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க ஊருக்குக் காலையில எத்தன மணிக்கும்மா பஸ்சு?"

அஞ்சலை ஓடி வந்தாள். ஏழு மணிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள், காற்று வந்தது. ஏழு விரலைக் காட்டினாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்பே அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். காரை எடுக்கவில்லை. "சாவி எங்க வீட்டம்மாகிட்ட இருக்குது. பஸ்சுல போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கல" என்றார். மடியில் ஒரு பை, பையில் பாட்டில்கள். மாதாம் கட்டிக்கொடுத்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் மூன்று பேரும் பஸ்ஸிலேயே பிய்த்துத் தின்றோம். அவர் என்னிடம் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, மதகு எத்தனை, எந்த மாதத்தில் நிறம் மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாத்தியார் கேள்வி கேட்டு நான் சரியாகப் பதில் சொன்னது அதுதான் முதல்முறை. அஞ்சலை பேச முடியாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்து, கடைசியில் தூங்கிவிட்டாள்.

ஏரிக்கரையில் எங்கள் ஊர்ச் சனம் கூடியிருந்தது. கரைமேல் ஒரு மோட்டார் பைக்கும் நின்றது. கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற இரண்டு பேர். பேராசிரியர் அவர்களைப் பார்த்தார், ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வழுக்கும் இடம் தெரியுமென்பதால் நான் முன்னால் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கால் சேரும் இடத்தில் ஒரு பாட்டில், மதகடியில் ஒரு பாட்டில், நடு ஏரிப் பக்கம் ஒரு பாட்டில். மூடி, துடைத்து, காகிதம் ஒட்டினார். தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதினார்.

"எடத்தக் காட்டுனவங்க பேரு எழுதி, அவங்களே கையெழுத்துப் போடணும்" என்றார். "கோர்ட்டுல கேப்பாங்க."

ஊரார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கரையிலிருந்து, பைக்கில் வந்தவர்களில் ஒருவன் கேட்டான்:

"யாரு கையெழுத்துப் போடறது?"

நான் பேனாவை வாங்கினேன். சின்னதாக எழுத எனக்கு வராது. பச்சையம்மாள் என்று காகிதம் முழுக்க வரும்படி எழுதினேன், ஒவ்வொரு பாட்டிலிலும், மூன்று முறை. அவன் கரையிறங்கிக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். வெயில் பட்டுப் பாட்டில் பளபளத்தது, அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. படிக்கத் தோதாகப் பாட்டிலை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.